வாசக்காலில் இரண்டாவது முடிச்சு

மாமா,

புதன்கிழமை காலை கொசுவலைக் கதவு மாட்ட ஆசாரி வந்திருந்தார். ஸ்டூலில் ஏறி வாசக்காலை அளந்தவர், மேல்கட்டையில் தொங்கிய இரண்டு மஞ்சள் முடிச்சுகளைக் காட்டி, கதவுக்கு இவை இடிக்கும், எடுத்துவிடலாமா என்று கேட்டார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எடுங்கள் என்றேன். அறுத்து என் உள்ளங்கையில் போட்டார். இரண்டரை வருஷத்துத் தூசியில் மஞ்சள் துணி வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது.

முதல் முடிச்சு விரல் பட்டதுமே கிழிந்து கொட்டியது. நவதானியம், வண்டு தின்று மாவாகியிருந்தது. இரண்டாவது கிழியவில்லை. முறுக்கி, திரும்ப ஒரு முறுக்கு முறுக்கி, வாலை உள்ளே செருகிய முடிச்சு. நகத்தால் முடியாமல் ஆசாரியிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி நெம்பினேன். உள்ளே தானியம் ஒன்றுகூட இல்லை. ஒரு ரூபாய்க் காசு, ஒரு துண்டு விரலி மஞ்சள், சுருங்கிப்போன ஒரு கொட்டைப்பாக்கு. அதிலிருந்து எழுந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சளும் பாக்கும் பழந்துணியும் கலந்த அந்த வாசனை உங்கள் சட்டைப் பையினுடையது.

கோமதி கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சில்லறைப் பையை அப்பா இப்படித்தான் கட்டுவார் என்றாள். காசைத் தொடப் போனவள் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். "இது வேண்டுதலுங்க. சாமிக்கு முடிஞ்சி வச்ச காசு," என்றாள்.

எந்தச் சாமிக்கு முடிந்தீர்கள், எதைக் கேட்டீர்கள், பதிலுக்கு எதைத் தருவதாகச் சொன்னீர்கள், எங்களுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தலைத் திவசமும் முடிந்துவிட்டது. செலுத்தாத வேண்டுதல் ஒன்று இத்தனை நாளும் எங்கள் வாசலில் தொங்கியிருக்கிறது. அதன் அடியில்தான் நாங்கள் கயலைத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறோம். அன்று நான் ரயிலை விட்டுவிட்டேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். கேஸை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவன். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் உடம்பில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிற ஆளைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நீங்கள் நேர் எதிர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது என்று நம்புகிறவர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பாத்துக்கலாம் மாப்ள." லோன் கிடைக்குமா? பாத்துக்கலாம். மழைக்கு மனையில் தண்ணீர் நிற்குமா? பாத்துக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நம் பாரத்தைச் சத்தமில்லாமல் அடுத்தவன் தலைக்கு மாற்றுகிற வார்த்தை அது என்றுதான் நினைத்திருந்தேன். உங்கப்பாவுக்குக் கவலை என்பதே கிடையாதா என்று கோமதியிடம் கேட்டிருக்கிறேன். கவலைப்பட்டால் கண்டக்டர் வேலை பார்க்க முடியுமா என்று அவள் சிரிப்பாள்.

நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் இதுவரை என் வாயால் உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை.

மயிலம் சாலையில் வாங்கிய மனையில் கடைக்கால் முடிந்து, சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த நேரம். வாசக்கால் நிறுத்த ஆவணியில் நாள் குறித்தாயிற்று. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் கோமதி குளியலறையிலிருந்து அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு கோடு. கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்த கோடு. சந்தோஷம் முழுதாக ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் எங்கம்மா ஞாபகம் வந்தது.

எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமே. பக்கத்துத் தெருவில் ஒருவர் மனைவி முழுகாமல் இருக்கும்போது வாசக்கால் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டு ஒரு வாரம் அதையே பேசியவர். "வயித்துப் புள்ளக்காரிய வச்சிக்கினு வாசக்காலு நிறுத்துவாங்களா? புது ஊடு ஒரு உசுரு கேக்கும்," என்று அவர் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் இருந்தது. விஷயம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். குழந்தை பிறந்த பிறகு அவரைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. வாடகை வீட்டுக்காரரோ மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று நாள் சொல்லிவிட்டிருந்தார். பன்னிரண்டு நாள்தானே, வாசக்கால் நின்றதும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினோம். இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது என்று அன்றைக்கு ரொம்பத் தைரியமாகத்தான் பேசினேன்.

அன்று வெயில் காலை எட்டு மணிக்கே கொளுத்தியது. வீட்டுக்காரி என்பதால் கோமதி தலைக்குக் குளித்து, விரதமிருந்து, ஈரம் காயாத தலையோடு நின்றாள். வேப்பமர வாசக்காலைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சுமங்கலிகள் நீர் தெளித்தார்கள். எங்கம்மா அதைச் செய் இதைச் செய் என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரியும் ஆட்களும் நிலையைத் தூக்கி நிறுத்தி, நீங்கள் நவதானிய முடிச்சை மேல்கட்டையில் கட்டி முடித்த நேரம், கோமதி பக்கவாட்டில் சாய்ந்தாள். உங்களுக்குப் பஸ் பிரேக் அடிக்கிறபோது விழுகிறவர்களைப் பிடித்துப் பழகின கை. கீழே விழ விடவில்லை.

எங்கம்மா ஓடிவந்தபோது நீங்கள் வெயில் என்று சொன்னீர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, வேறென்ன என்று சொன்னீர்கள். பிறகு என்னை மணல் குவியலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனீர்கள். வாயில் வெற்றிலைச் சாறு, துப்பிவிட்டுக் கேட்டீர்கள்: "எத்தினி நாளு மாப்ள?"

நாற்பத்தைந்து என்றேன். உங்கள் முகத்தை எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அப்புறம் வழக்கம் போலத்தான்: "சரி உடுங்க. பாத்துக்கலாம்."

பத்து நிமிஷம் கழித்து நீங்கள் மறுபடி ஸ்டூலில் ஏறி நிற்பதைப் பார்த்தேன். மீந்த மஞ்சள் துணியில் இன்னொரு முடிச்சு. எதற்கு இரண்டு என்று மேஸ்திரி கேட்டார். "ஒண்ணு ஊட்டுக்கு, ஒண்ணு கதவுக்கு," என்றீர்கள். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் மேஸ்திரியே தலையாட்டினார். டிக்கெட் வாங்காதவனைக்கூட வாங்கிவிட்டதாக நம்பவைக்கிற குரல் உங்களுக்கு.

இரண்டாம் நாள் கோமதிக்கு ரத்தம் பட்டது. விழுப்புரத்துக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நான் வாசக்காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. படித்தவன், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துச் சம்பாதிக்கிறவன், ஒரு வேப்பமரக் கட்டையை நினைத்து நடுங்கினேன். ஸ்கேன் அறைக்கு வெளியே எங்களுக்கு முன்பே நீங்கள் வந்து நின்றுகொண்டிருந்தீர்கள். நான் உங்களிடம் உளறினேன். எங்கம்மா சொன்னது, நாங்கள் மறைத்தது, எல்லாம். நீங்கள் என் தோளில் கை வைத்துச் சொன்னது இதுதான்: "மரத்து மேல பழி போடாதீங்க மாப்ள. அது பாட்டுக்கு நிக்குது." உள்ளே துடிப்பு இருக்கிறது, மூன்று மாதம் படுக்கையில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்கம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டோம். அவர் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் வீட்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், தினமும் பாஸில் வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். தளம் போட்ட பிறகு ஈரச் சாக்கு விரித்துக் காவல் இருந்தீர்கள். வேலை நடக்கிற இடத்தில் யாராவது வேடிக்கை பார்த்து நின்றால், "உள்ள போங்க, படியில நிக்காதீங்க," என்பீர்கள். ஆட்கள் சிரிப்பார்கள். துண்டில் அவித்த மல்லாட்டைக் கடலை கட்டிக்கொண்டு வந்து, படுத்திருக்கிற கோமதியின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். அவளிடம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டீர்கள். சிமெண்ட் விலை ஏறிவிட்டது, சாரத்துக்குக் கட்டின கயிறு மட்டம், இதைத்தான் பேசுவீர்கள். மனுஷனுக்கு மனசே கிடையாதா என்று நான் நினைத்ததுண்டு.

அந்த நாட்களில்தான் நீங்கள் வெற்றிலையை விட்டீர்கள். நான்தான் கவனித்தேன். பல் வெளுத்திருந்தது; சட்டைப் பையில் வெற்றிலைப் பெட்டி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் வெற்றிலை பாக்கால் வாய்க்கு என்னென்ன வரும் என்று படம் காட்டிப் பிரசங்கம் செய்தவன் நான். என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. "ஏதோ உட்டாச்சு மாப்ள," என்று நீங்கள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். லேப்பில் வருகிறவர்களிடமெல்லாம் என் மாமனாரையே மாற்றிவிட்டேன் என்று சொல்லித் திரிந்தேன்.

கயல் முப்பத்தைந்தாவது வாரத்திலேயே வந்துவிட்டாள். இரண்டு கிலோவுக்குக் கீழே. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஒன்பது நாளும் நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவரை நகர்ந்து உட்காரச் சொல்லி இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டு இருந்தீர்கள். பத்தாம் நாள் அவளைக் கையில் வாங்கியபோது மட்டும் உங்கள் கை ஆடியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.

வைகாசியில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். சொந்த வீட்டுக்குப் போனால் நிம்மதி வரும் என்று யார் சொன்னார்களோ. எனக்குக் கவலைப்பட இன்னொரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். குழந்தை தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்து மூச்சுப் பார்ப்பேன். அவள் எழுந்தால் எழுந்து போய்ச் சுவரைப் பார்ப்பேன். ஹால் சுவரில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் விட்டிருந்தது. பென்சிலால் அதன் முனையில் கோடு போட்டு வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஊடுன்னா விரிசல் உடும், கொழந்தன்னா அழுவும். ரெண்டுக்கும் பேஜாராவாதீங்க," என்று சொல்லி, என் பென்சில் கோட்டைக் கட்டை விரலால் துடைத்தீர்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் முதல் தடவை கேட்டீர்கள். மயிலம் மலைக்கோயிலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்வரலாமா என்று. அன்று அங்கே எவ்வளவு கூட்டம் வரும், எத்தனை பேர் இருமுவார்கள் என்று நான் விளக்கினேன். புரட்டாசியில் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் பார்த்துக் கேட்டீர்கள். ஊரெல்லாம் காய்ச்சல் என்றேன். லேப்பில் அன்றைக்கு வந்த ரிசல்ட்டுகளைச் சொன்னேன். மூன்றாம் தடவை கார்த்திகையில். வாசலில் நின்றபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல், பெண் கேட்க வந்தவர் மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். "ஒரே ஒரு மணி நேரம் மாப்ள. நீங்க ரெண்டு பேரும் கீழயே இருங்க. நானே தூக்கிக்கினு ஏறி, நானே எறக்கிக்கினு வந்து ஜல்தியா குடுத்துர்றேன்."

மழைக் காற்று, அவளுக்கு மூச்சு இழுக்கிறது, அறுபத்து மூன்று வயதில் படி வழுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். சாமி எங்கே ஓடிப்போகப் போகிறது என்றும் கேட்டேன். நீங்கள் கயலின் உள்ளங்காலை ஒரு தடவை தொட்டீர்கள். "சரிதான். தையில பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மார்கழியில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் வீட்டுக்கு வருகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துண்டில் மல்லாட்டை இருந்தது. வாய்க்கரிசி போடும்போது அத்தை அரிசியோடு ஒரு கிள்ளு வெற்றிலையும் வைத்தார். விட்டுவிட்ட பழக்கத்தை இப்போது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இந்தக் காசு. வியாழன் காலை கயலுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எங்கப்பா அந்தப் புள்ளைக்குப் பதிலா என்னைய எடுத்துக்கோன்னு வேண்டிக்கினு இருப்பாரோ?"

மாமா, அதே நினைப்பு புதன்கிழமையே எனக்கும் வந்துவிட்டது. புது வீடு ஒரு உயிர் கேட்கும் என்று எங்கம்மா சொன்னது, கயல் தப்பியது, வீட்டுக்குக் குடிவந்து வருஷம் முடிவதற்குள் நீங்கள் போனது, எல்லாவற்றையும் இந்த ஒரு முடிச்சு இழுத்துக் கட்டிவிட்டது. அத்தைக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். ஒரு போன் போட்டால் போதும். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் இந்த வாசல் வழியாக எப்படிப் போவது, எப்படி வருவது என்று தெரியாமல் நாங்கள் கேட்காமலே இருக்கிறோம். வெள்ளிக்கிழமை கயலுக்குக் காய்ச்சல். நானே ரத்தம் எடுத்து நானே பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். கோமதி காசை ஒரு டம்ளருக்குள் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். டம்ளர் இருக்கிற பக்கம் இரண்டு பேரும் பார்ப்பதில்லை.

இதுவரை எழுதி மடித்து வைத்துப் பத்து நாள் ஆகிறது. மீதியை இன்றுதான் எழுதமுடிகிறது.

கயலுக்குக் காய்ச்சல் விட்டதும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அத்தையைப் பார்க்கப் போனோம். போனில் கேட்கிற விஷயமா இது. கோமதி டம்ளரிலிருந்த காசைப் பாக்கோடும் மஞ்சளோடும் அதே துணியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோமதி அவர் முன்னால் துணியை விரித்தாள். நான்தான் கேட்டேன். மாமா தன் உயிரைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாரா என்று அப்படியே கேட்டேன்.

அத்தை என்னை அண்ணாந்து பார்த்தார். "உசுரா? நல்லா குடுப்பாரே. வெத்தலய குடுக்கறதுக்கே மனுஷன் தவியா தவிச்சாரு," என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வாசக்கால் வைத்த அன்று சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலைப் பெட்டியை அவர் கையில் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னீர்களாம். கோமதி வயிற்றில் இருப்பதை நல்லபடியாகக் கொடுத்தால் மயிலத்து மலைக்கு நானே தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன், இறங்கின இடத்தில்தான் இனி வெற்றிலை என்று முடிந்துவைத்தீர்களாம். அதற்குத்தான் அந்தப் பாக்கு.

கோமதி ஓவென்று அழுதாள். கயல் பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கி, அந்த இடத்தில் இன்னொன்று ஏறியது. நீங்கள் உயிரைக் கொடுக்கவில்லை. கீழே இறங்கி வெற்றிலை போட்டுக்கொள்ள இருந்தீர்கள். பதினாறு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு, மூன்று தடவை என் வாசலில் நின்று கேட்டீர்கள். நான் உங்களுக்கு வழுக்கும் படியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்றேன்.

"நான் சொல்லச் சொன்னேன். வேணாம்னுட்டாரு," என்றார் அத்தை. "வேண்டுதல்னு சொன்னா மாப்ள அதுக்கும் ஒரு பயம் பயப்படுவாரு, ஏற்கனவே தூக்கமில்லாம கெடக்கறாருன்னாரு."

அவருக்குக் கவலையே கிடையாது என்றல்லவா நினைத்தோம் என்று நான் சொன்னதற்கு அத்தை சிரித்தார். அந்த ஏழு மாதமும் நீங்கள் திண்டிவனத்திலிருந்து திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பீர்களாம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பீர்களாம். டாக்டரிடம் போகலாம் என்றால், பாத்துக்கலாம் என்பீர்களாம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலத்துக்கு வண்டி பிடித்தோம். நீங்கள் முதலில் கேட்டபோது கயல் ஐந்து கிலோ இருந்தாள். இப்போது பதினொன்று. நான் நாள் கடத்தியதற்கு எனக்குக் கிடைத்த கூலி அது. படிக்கட்டுக்குக் கீழே நின்று அவளைத் தோளில் தூக்கினேன். அவள் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு படிக்கு ஒரு தடவை எனக்குப் பயம் வந்தது. அவள் பின்னால் சாய்ந்தால், என் கால் மடங்கினால், மேலே இருந்து வருகிறவர்கள் இடித்தால். பாதியில் மூச்சு வாங்கி நின்றேன். கோமதி வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். தரவில்லை. தூக்கிக்கொண்டு ஏறினவரே இறக்கவேண்டும் என்பதுதானே பேச்சு. நீங்கள் அறுபத்து மூன்று வயதில், படபடக்கிற நெஞ்சோடு இதைத்தான் செய்யக் கேட்டீர்கள் என்பது அந்தப் படியில் நிற்கும்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

காசையும் மஞ்சளையும் கயலின் கையால் உண்டியலில் போட்டோம். பாக்கை அத்தை எடுத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் பூக்கடைக்காரம்மாவிடம் வெற்றிலை வாங்கி, காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, உங்கள் பாக்கை வெட்டி வைத்து மடித்து என்னிடம் நீட்டினார். நான் திகைத்தேன். "அவரு எறங்கின எடத்துல போட்டுக்கறேன்னாரு. எறங்கினவரு நீங்கதான். போடுங்க," என்றார்.

வெற்றிலையால் வரும் வியாதிகளின் பட்டியல் எனக்கு மனப்பாடம். மாமா, நான் போட்டுக்கொண்டேன். அந்தப் பாக்கு கல்லாக இருந்தது. சுண்ணாம்பு நாக்கைச் சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் சுண்ணாம்பினால் வந்ததல்ல. கயல் என் உதட்டில் சிவப்பைப் பார்த்துவிட்டு விரலால் தொட்டுத் தன் உதட்டில் தேய்த்துக்கொண்டாள். அத்தை அன்றைக்குத்தான், உங்களுக்கப்புறம், சத்தம் போட்டுச் சிரித்தார்.

முடிச்சுத் துணி என் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்தால் எடுத்துப் பார்க்கிறேன். நீங்கள் முறுக்கிய இடத்தில் மடிப்பு இன்னும் நிமிரவில்லை. ஹால் சுவர் விரிசல் அரை அங்குலம் நீண்டிருக்கிறது. பென்சில் கோடு போடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல் என் தோளில் தூங்கிவிட்டாள். திண்டிவனம் நெருங்கியபோது அவள் நெற்றி லேசாகச் சுடுவது போல இருந்தது. வெயிலா, காய்ச்சல் திரும்பிவிட்டதா, கூட்டத்தில் எதையாவது வாங்கிவந்துவிட்டாளா என்று எனக்கு உள்ளே படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கோமதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுடுகிறதா என்று பயந்த குரலில் கேட்டாள்.

குழந்தையின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல், "பாத்துக்கலாம்," என்றேன்.